தலையை மட்டும் ஆட்டு

பொன்விழா மலருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ‘அக்கா, நம்ம சபை ஆரம்பிச்ச காலத்து இனிய நினைவுகள், சின்னதா, பழைய போட்டோ இருந்தா அதோட’ என்று மூப்பர் மகன் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டிருந்தான். கூடவே கும்பிடுகிற கை மூன்று. அதன் கீழே நீங்கள் ஆளுக்கொரு ‘ஆமென்’ போட்டிருந்தீர்கள். உங்களில் பாதிப் பேர் என்னோடு ஒரே கோரைப் பாயில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். நடந்தது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் இனிய நினைவு கேட்கிறீர்கள் என்றால், உங்கள் நெஞ்சழுத்தத்தை என்னவென்று சொல்வது!

சரி, எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. நீங்கள் அச்சடிக்கப் போவதும் இல்லை. ஆனாலும் கேட்டது நீங்கள்தானே, படித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பெங்களூர் காக்ஸ் டவுன் பெரிய கோவிலை விட்டுப் பதினோரு குடும்பங்கள் பிரிந்து வந்து, ஜீவனஹள்ளியில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்திருந்தோம். அதற்கு முன் அங்கே மரப்பெட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரெல்லாம் மர வாசனை. பாயை உதறினால் மரத்தூள் பறந்து தும்மல் வரும். ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். எதிரே ஒரு மேசை, அதன்மேல் ஒரு வேதப்புத்தகம், அதன் பின்னால் சபையை நடத்துகிற மூப்பர்.

மூப்பரிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. “வேதத்துல இருக்கா?” பெரிய கோவிலில் வேதத்தில் இல்லாதது ஏதேதோ நடக்கிறது, ஆராதனையில் மனுஷன் சொந்தமாக எதையும் சேர்க்கக் கூடாது, எழுதியிருப்பதை எழுதியிருப்பதுபோலச் செய்ய வேண்டும் என்றுதான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆர்மோனியம் வேதத்தில் இருக்கா? புதிய ஏற்பாட்டில் இல்லை, எனவே கூடாது. கிறிஸ்துமஸ் இருக்கா? இல்லை. நட்சத்திரம், கேக், மரம், பிறந்தநாள் ஸ்தோத்திரம் எல்லாம் போயிற்று. பெண்களுக்கு நகை கூடாது என்று என் காதிலிருந்த சின்னக் கம்மலை அப்பாவே கழற்றினார். துளை தூர்ந்துவிடாமல் இருக்க அம்மா யாருக்கும் தெரியாமல் துடைப்பத்து ஈர்க்குச்சியை ஒடித்துச் சொருகிவிட்டாள். மூப்பர் கண்ணில் அது பட்டது, அதுவும் போயிற்று. கம்மல் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

ஏப்ரல் வெயிலில் தகரக் கூரை காய்ந்து மூப்பருக்கு வியர்த்து ஊற்றியபோது மட்டும் சீலிங் ஃபேன் வந்தது. அது வேதத்தில் எந்த நிருபத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் ஃபேனுக்கு அடியில் உட்கார இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பாதான் முதல் ஆள்.

அப்பா ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டர். சபையில் மூப்பருக்கு அடுத்த இடம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் சித்தியும் இருந்தாள். அம்மாவின் தங்கை. கோலார் தங்கவயலில் இருந்து வேலைக்கு வந்தவள். ஒரு தையல் யூனிட்டில் சட்டைக் காலர் தைப்பாள். தாத்தா சுரங்கத்தில் இருந்தவர். அங்கே லைன் வீடுகளுக்குப் பக்கத்துக் கோவிலில் சித்தி சின்ன வயதிலேயே ஆர்மோனியம் கற்றிருந்தாள். காக்ஸ் டவுன் கோவிலில் இரண்டு வருடம் அவள்தான் வாசித்தாள். நாங்கள் பிரிந்து வந்தபோது ஆர்மோனியம் அங்கேயே நின்றுவிட்டது, அது கோவில் சொத்து. என்னைத் தூங்க வைக்கும்போது என் முதுகில் வாசிப்பாள். பத்து விரலும் ஓடும். என்ன பாட்டு என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால், “அட, இன்னா காதுடி உனக்கு!” என்று பிடரியில் முத்தம் கொடுப்பாள். அவள் மேல் மெஷின் எண்ணெய் வாசனை அடிக்கும். எனக்கு அது பிடிக்கும்.

அந்த வருடம் டிசம்பரில் பெரிய கோவிலில் வாசிக்கிறவருக்குக் காய்ச்சல். கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு ஆள் இல்லை. பாடகர் குழுக்காரர்கள் சித்தியைத் தையல் யூனிட் வாசலிலேயே பிடித்துக் கேட்டார்கள். இரண்டே இரண்டு சாயங்காலம் போய் வாசித்துவிட்டு வந்தாள். இரண்டு நாளும் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். கூரை உயரத்தில் ஒரு சிவப்புக் காகித நட்சத்திரம், உள்ளே பல்பு. டூட்டி ஃப்ரூட்டி போட்ட கேக் ஒரு துண்டு பட்டர் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். ஆர்மோனியத்தில் அவள் கை வைத்ததும் தோள் இரண்டும் தளர்ந்ததை நான் பார்த்தேன். வீட்டில் அவள் தோள் அப்படித் தளர்ந்து நான் பார்த்ததில்லை.

திரும்பி நடந்து வரும்போது, யாரிடமும் சொல்லாதே என்று அவள் என்னிடம் சொல்லவே இல்லை. மறைக்க வேண்டிய காரியம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னை இன்றும் அறுக்கிறது.

சனிக்கிழமை தோறும் மூப்பர் வீட்டில் வசனம் ஒப்பிப்போமே, நினைவிருக்கிறதா? அன்று எனக்கு முன்னால் நீங்கள் நாலு பேர் நின்றீர்கள். நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து மூப்பர் பெண்சாதி முறுக்கு பிழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் ஒரு ராகத்தை முனகியிருக்கிறேன்.

“அது இன்னா பாட்டுடி? நம்ம பாட்டு மாதிரி இல்லையே” என்றாள் மூப்பர் பெண்சாதி.

பெருமை தாங்கவில்லை எனக்கு. எல்லாவற்றையும் கொட்டினேன். சித்தி வாசித்தது, பாடியது, நட்சத்திரம், கேக். அவள் சிரித்துச் சிரித்துக் கேட்டாள். “நட்சத்திரம் இன்னா கலரு? கேக்குல முந்திரி இருந்துச்சா?” என்றெல்லாம் கேட்டாள். கடைசியில் உடையாத முறுக்காகப் பார்த்து எனக்கு ஒன்று கொடுத்தாள். அவளுக்கும் அந்த நட்சத்திரத்தைப் பார்க்க ஆசை இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது முறுக்குதான் நினைப்பு.

மறுநாள் ஞாயிறு. கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என்னை மூப்பர் தனியே கூப்பிட்டார். குனிந்து, அன்பாகத்தான் பேசினார்.

“பாப்பா, உங்க சித்தி அங்க போயி பெட்டி வாசிச்சத நீ பாத்த இல்ல?”

“பாத்தேன் அய்யா.”

“சபையில நான் கேப்பேன். பொம்பளப் பிள்ளைங்க சபையில பேசக் கூடாது, தெரியுமில்ல? வாயத் திறக்காத. தலையை மட்டும் ஆட்டு.”

அப்பம் பிட்கும் முன்பு மூப்பர் எழுந்தார். ஒரு சகோதரி வேதம் விலக்கிய அந்நிய அக்கினியில் கை வைத்துவிட்டாள், புளித்த மாவு கொஞ்சமானாலும் முழுவதையும் கெடுத்துவிடும் என்று ஆரம்பித்தார். பிறகு, வேதப்படி இரண்டு சாட்சி வேண்டும் என்றார். தன் பெண்சாதியைப் பார்த்து, “நீ கண்டதுண்டா?” என்று கேட்டார். அவள் முக்காட்டுக்குள் தலையை ஆட்டினாள். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஆட்டினேன். நன்றாக, மேலும் கீழும், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஆட்டினேன். ஒழுங்காகச் செய்துவிட்டோம் என்ற நினைப்பு வேறு.

சித்தி எழுந்து நின்றாள். அம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சித்தி உட்காரவில்லை.

“அய்யா, நான் ஒண்ணு சொல்ல...”

“உக்காரு. சபையில ஸ்திரீகள் பேச அனுமதி இல்ல. கேக்கறதுக்கு ஏதாச்சும் இருந்தா வீட்ல போயி புருஷன்கிட்ட கேட்டுக்கோ.”

இடப்பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சித்திக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சிரித்தது உங்களில் ஒருவரின் அப்பா. எந்த அப்பா என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

அப்படித்தான் முடிந்தது. இரண்டு பெண்கள் தலையாட்டினார்கள், மூன்றாவது பெண்ணை வாய் திறக்க விடவில்லை. சித்தி மனம் திரும்பும்வரை சபைக்குப் புறம்பானவள், அவளோடு யாரும் சேர்ந்து சாப்பிடவும் கூடாது என்று தீர்ப்பு.

வீட்டுக்கு வந்ததும் சித்தி அப்பாவிடம்தான் போய் நின்றாள். “மாமா, நான்தான் பேசக் கூடாது. நீங்க பேசலாமே. எனக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உடம்பு முடியாதவருக்கு உதவியாத்தான் போனேன்.”

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “உன்ன வீட்ட விட்டுப் போன்னு சொல்லலயே. இரு. வேலைக்குப் போ. எங்க கூடச் சாப்பிடறது மட்டும் ஆகாது. நானா சொல்றேன்? வேதம் சொல்லுது.”

அன்றிலிருந்து நாங்கள் மூவரும் உள்ளே சாப்பிட்டு முடித்த பிறகு, சித்தி பின்கட்டில் துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து சாப்பிட்டாள். வெள்ளை எனாமல் தட்டு, நீலக் கரை, ஓரத்தில் ஒரு இடத்தில் எனாமல் பெயர்ந்து கறுத்திருக்கும். அந்தத் தட்டை அம்மா தனியாகக் கழுவி ஜன்னலில் சாய்த்து வைப்பாள். பக்கத்து வீட்டில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா கன்னடக்காரர், எருமை வைத்திருந்தவர். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் சுவருக்கு மேலாக எட்டிக் கேட்டார்.

“யாக்கம்மா, ஹொரகடே கூத்து ஊட்டா?”

ஏன் வெளியே உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று கேட்கிறார். சித்தி சிரித்துக்கொண்டே, “ஒளகே செக்கே அம்மா” என்றாள். உள்ளே புழுக்கமாம். ஜனவரி மாதம் அது. பெங்களூர் ஜனவரி, விடிந்து ஒன்பது மணியானாலும் வாயிலிருந்து புகை வரும். மறுநாள் அந்த அம்மா ஒரு டம்ளர் சூடான பாலைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார். அவர் எந்த வேதமும் படித்தவர் இல்லை, எழுதப் படிக்கவே தெரியாது.

அவரைக்காய் காலம். தெருவெல்லாம் அந்த வாசனை. முந்தின வருடமெல்லாம் ஊறவைத்த கொட்டையை நானும் சித்தியும் எதிரெதிரே உட்கார்ந்து பிதுக்குவோம். தோல் ஒருபக்கம், பருப்பு ஒருபக்கம் துள்ளும். என் மூக்கில் குறிபார்த்துப் பிதுக்குவாள். அந்த வருடம் அம்மா தனியாகவே பிதுக்கினாள். பிதுக்குப் பருப்புக் குழம்பும் களியும் செய்தாள். எனக்குக் களியை விழுங்கத் தெரியாது. சித்திதான் சின்னதாகப் பிட்டு, குழம்பில் புரட்டி, வாயில் போட்டுவிடுவாள். அன்று நான் உள்ளே தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

பின்கட்டுக்குப் போனேன். சித்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தானாகவே அவள் கை ஒரு வாய் பிட்டுக் குழம்பில் புரட்டியது.

“சாப்பிடலயாடி? வா. ஒரு வாய் வாங்கிக்க.”

கை என் வாய்க்கு முன்னால் நின்றது. மிளகாயும் தேங்காயும் மணத்தது. எனக்கு நல்ல பசி. நான் ஒரு அடி பின்னால் போய்ச் சொன்னேன்.

“வேதத்துல கூடாதுன்னு இருக்கு சித்தி.”

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அப்பா பார்க்கவில்லை, மூப்பர் பக்கத்தில் இல்லை. நானேதான் சொன்னேன். அந்த வாரம் முழுக்க எல்லோரும் என்னைச் சமத்து, சாட்சிப் பிள்ளை என்று புகழ்ந்திருந்தார்கள்.

சித்தி அந்த வாயைத் தட்டிலேயே வைத்தாள். “சரிடி. நீ சொல்றது சரிதான்” என்றாள். குரலில் கோபமே இல்லை. பிறகு அதை எடுத்து அவளே சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் தகரப் பெட்டியோடு தங்கவயல் பாசஞ்சர் ரயிலில் ஏறிப் போய்விட்டாள். எட்டு மாதம் கழித்து அங்கேயே ஒரு பௌத்தக் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். “பாத்தியா? நான் சொல்லல?” என்றார் அப்பா.

ஒன்றை நான் மெதுவாகத்தான் கவனித்தேன். சித்தி போன பிறகு அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. எங்களுக்குப் போட்டு முடித்து, நீலக் கரைத் தட்டை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போய்விடுவாள். சாகும்வரை அப்படித்தான். அப்பாவுக்கு அது தெரியவே இல்லை. வீட்டுப் பெண்கள் கடைசியில் எங்காவது உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம்தானே, யார் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்? அம்மா போன பிறகு அந்தத் தட்டைத் தேடினேன். பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்றார் அப்பா.

வளர்ந்த பிறகு சித்தி வீட்டுக்கு எத்தனையோ தடவை போனேன். ஒருமுறைகூட அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வயிறு நிறையத் தட்டில் போட்டுக் கொடுப்பாள். கையால் ஊட்டியதில்லை. நான் வாயைத் திறந்து கேட்டதும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது உங்கள் அழைப்பிதழுக்கு வருகிறேன். தகரக் கொட்டகை இன்று மூன்று மாடி. மேடையில் கீபோர்டு, டிரம்ஸ், கிட்டார். டிசம்பரில் மொட்டை மாடியில் எல்.இ.டி. நட்சத்திரம், பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும். கேக் வெட்டி ரீல்ஸ் போடுகிறீர்கள். செய்யுங்கள், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் மலரில் போட ‘ஸ்தாபக அங்கத்தினர்’ பட்டியல் ஒன்று அனுப்பினீர்களே, அதில் பதினோரு குடும்பத்திலும் எல்லோர் பெயரும் இருக்கிறது. கைக்குழந்தைகள் பெயர்கூட இருக்கிறது. சித்தி பெயர் இல்லை.

மூப்பர் மகனுக்குப் போன் செய்தேன். இப்போது அவன்தான் உங்கள் பாஸ்டர்.

“அக்கா, பழைய நோட்டுல அவங்க பேருக்கு நேரா நீக்கம்னு இருக்குது. அப்பா கையெழுத்து. நானா எப்படி மாத்தறது?”

“கீபோர்டுக்கு மட்டும் மாத்துனியேப்பா?”

“அந்தக் காலத்து வெளிச்சம் அவ்ளோதான் அக்கா. இப்போ வேற. ஆனா இது ஒழுங்கு நடவடிக்கை இல்லையா? சாட்சி சொன்ன ரெண்டு பேரும் வாபஸ் வாங்குனா கமிட்டில வைக்கலாம்.”

நான் சும்மா விடவில்லை. தவறு செய்தவரிடம் முதலில் தனியே போய்ப் பேசு, கேட்காவிட்டால் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபையில் சொல் என்றுதானே இருக்கிறது? நானும் இந்த வயதில் படித்துப் பார்த்துவிட்டேன். “உங்கப்பா முதல்ல சித்திகிட்ட தனியா வந்து ஒரு வார்த்தை பேசினாராப்பா?” என்று கேட்டேன். எழுத்துக்கு எழுத்து என்று ஊரையே இரண்டாக்கிய மனிதர், முதல் வரியைத் தாண்டி மூன்றாவதில் குதித்திருக்கிறார். ஐம்பது வருடமாக ஒருத்தரும் கவனிக்கவில்லை.

“அதெல்லாம் இப்போ எதுக்குக்கா” என்றான்.

சாட்சி இரண்டு பேர். ஒன்று நான். நான் போனை வைத்த கையோடு வாபஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னொன்று அவன் அம்மா. காக்ஸ் டவுனில் மகள் வீட்டில் இருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை போனேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். “நீதானே வசனமெல்லாம் கடகடன்னு ஒப்பிக்கிறவ?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்த விஷயத்தைச் சொன்னேன். ஜன்னல் வழியாகச் சித்தி வாசித்ததைப் பார்த்தீர்களா, கோவிலுக்குள் வந்து பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“நான் எங்கம்மா பாத்தேன்?” என்றாள். “அந்தக் குளிர்ல நான் ஏன் அங்க போறேன்? நீ சொன்னத அவருகிட்ட சொன்னேன், அவ்ளோதான். சிரிக்கிறதுக்குத்தான் சொன்னேன். குழந்த ஒருத்தி சாட்சி பத்தாது, நீயும் ஆட்டிடுன்னாரு.”

“ஆட்டிட்டீங்களா ஆன்ட்டி?”

“அவர் கேட்டா எப்படி ஆட்டாம இருக்கிறது?” என்றவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “நீயும்தானே ஆட்டுன.”

ஆக, பார்த்தவள் நான் ஒருத்திதான். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு முறுக்குக்கு வாயாடியதை வைத்துத்தான் உங்கள் சபை ஒரு பெண்ணைத் துவைக்கிற கல்லில் உட்கார வைத்தது. காகிதத்தை நீட்டினேன். நான் பார்க்கவில்லை என்று ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து, போதும் என்றேன்.

கிழவி பேனாவைத் தொடவில்லை. வாசல் பக்கம் பார்த்தாள். “பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கினு சொல்றேம்மா” என்றாள்.

டீயும் ரஸ்க்கும் வந்தன. “எடுத்துக்கம்மா, ஆறிடப் போகுது” என்று தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன். அவள் எனக்காகக் காத்திருந்து பார்த்தாள். பிறகு ரஸ்க்கை டீயில் நனைத்து, தனியாகத் தின்றாள். எண்பத்தைந்து வயது. அவள் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என் டீயில் ஆடை படிந்துவிட்டது. நீங்கள் சொல்லிக்கொடுத்ததில் அந்த ஒன்றை மட்டும் நான் மறக்கவில்லை.

மூப்பர் மகன் இன்னும் பதில் சொல்லவில்லை. சித்தி பெயர் பட்டியலில் வராவிட்டால் என் பெயரையும் அடித்துவிடுங்கள். விழா அன்று மத்தியானம் எல்லோருக்கும் சபையிலேயே சாப்பாடு என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு இலை போட வேண்டாம்.